ஒரு மடி, இரண்டு பேராயர்கள்

பிள்ளைகளா, உங்கள் அப்பா இங்கிலாந்துக்குப் போனதில்லை. அதிகபட்சம் போனால் பாலத்தைத் தாண்டி இருக்கிற ஜொகூர். ஆனாலும் எண்ணூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தில் இருந்த ஒரு பேராயர் காலையில் எழுந்ததும் என்ன செய்வார், யாருக்குச் சோறு போடுவார், யாரோடு சண்டை பிடிப்பார் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். பஸ் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து நடந்தது, அதற்குத் தேவைப்பட்டது என்று பதில் சொல்வேன்.

சின்னவனே, அது உன் காதுகுத்துதான். உனக்கு அப்போது ஒரு வயதுகூட முடியவில்லை, ஒன்றும் ஞாபகம் இருக்காது. பெரியவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவள் சொல்லும்போது பாதியைச் சிரித்தே விழுங்கிவிடுகிறாள். அதனால் முழுசாக நானே எழுதி வைக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை, எழுத்தில் தப்பு இருந்தால் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பேராயர் நம் வீட்டுக்குள் வந்தது பெரியவளின் பள்ளிக்கூட வேலையால். வரலாற்றுப் பாடத்தில் ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து இங்கிலாந்தில் அவர் எப்படி வாழ்ந்தார் என்று வகுப்பு முன்னால் பேச வேண்டும். யார் யாருக்கு எந்த ஆள் என்று பிரித்த அன்றைக்குப் பெரியவள் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"போர்வீரன் போச்சு, ராணி போச்சு, சமையல்காரன்கூட போச்சுப்பா. எனக்கு ஆர்ச்பிஷப்தான் மிச்சம்," என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு மேடை. நான்தான் சபை. இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நான் நிறுத்தினேன். "இங்கிலீஷ்ல சொன்னா நான் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். தமிழ்ல சொல்லு. அப்பதான் உனக்கே புரிஞ்சிருக்கான்னு தெரியும்."

"அப்பா, அவர் வந்து சர்ச்சுக்கு சீஇஓ மாதிரி லா."

"சீஇஓ காலங்காத்தால எழுந்து சாமி கும்பிடுவாரா?"

"கும்பிடுவார். விடியறதுக்கு முன்னாடியே. அப்புறம் பூசை. அப்புறம் மீட்டிங். அப்புறம் இன்னொரு மீட்டிங். அப்புறம் ராஜா கூப்பிட்டு விடுவார்."

இப்படித்தான் தினம் ராத்திரி சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக அந்த மனிதர் எனக்குப் பிடிபட்டார். சொல்கிறேன் கேளுங்கள். அவர் சாமியார் என்று நினைத்தால் சாமியார். பண்ணையார் என்று நினைத்தால் பண்ணையார். ஊர் ஊராக நிலமும் வீடும் இருந்தது. ஒரு வீட்டில் இருக்கிற தானியம், கோழி, மீன் எல்லாம் தீருகிற வரைக்கும் தங்கிவிட்டு, குதிரை, எழுத்தர், சமையல்காரர், நாய் உட்பட எல்லாரையும் கிளப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். போகிற வழியில் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்து ஆசீர்வாதம் செய்வார். அவருக்குக் கீழே இருந்த சில ஆயர்கள் குதிரையை விட்டு இறங்காமலேயே அதைச் செய்தார்களாம்.

"டிரைவ் த்ரூ," என்றேன்.

"அப்பா, இதை நான் கிளாஸ்ல சொல்லலாமா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஊர்க் கோயில்களைப் பார்வையிடுவதும் அவர் வேலைதான். போய் உட்கார்ந்து, உங்கள் பாதிரியார் நேரத்துக்கு வருகிறாரா, குடிக்கிறாரா, கூரை ஒழுகுகிறதா என்று ஜனங்களையே கேட்பார். நம் அடுக்குமாடி புளோக் கீழே எம்.பி. வந்து உட்கார்ந்தால் லிஃப்ட்டில் இருந்து பக்கத்து வீட்டுப் பூனை வரைக்கும் எல்லாரும் கொட்டுவோமே, அதே மாதிரி அவர்களும் கொட்டுவார்கள். வருஷத்தில் ஒரு நாள் ஏழைகளை உட்கார வைத்து அவர்கள் காலைத் தன் கையாலேயே கழுவுவார். ரோமாபுரியில் போப்பாண்டவரிடம் இருந்து ஒரு கம்பளித் துண்டு வரும். அதைத் தோளில் போட்டால்தான் முழுப் பேராயர். அது வரும் வரைக்கும் அவர் வேலை பெர்மிட் வராத ஆள் மாதிரிதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை, ராஜாவுக்கு முடி சூட்டுவது. ராஜாவாக இருந்தாலும் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. அவர்தான் எண்ணெய் வைக்க வேண்டும், அவர்தான் கிரீடத்தை வைக்க வேண்டும்.

"வேற யாராவது வச்சுட்டா?"

"அதுதாம்பா பிரச்சனையே. அங்க பேராயர் ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்."

தெற்கே ஒருவர், வடக்கே ஒருவர். யார் பெரியவர் என்பதில் பல தலைமுறையாகச் சண்டை. ஒருவர் ஊருக்குள் மற்றவர் வரும்போது தன் சிலுவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரலாமா கூடாதா என்றுகூடச் சண்டை. ஒருமுறை ரோமாபுரித் தூதர் ஒரு மகாநாடு கூட்டினார். அவருக்கு வலது பக்கத்து நாற்காலி யாருக்கு? தெற்குப் பேராயர் முன்கூட்டியே வந்து அதில் உட்கார்ந்துகொண்டார். பிறகு வந்த வடக்குப் பேராயர் பார்த்தார். இடது பக்கம் போக மனசு வரவில்லை. நேராகப் போய்த் தெற்குப் பேராயரின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் சோற்றை வாயில் வைத்திருந்தேன். புரையேறிவிட்டது.

"நிஜமாவா?"

"நிஜமா, அப்பா! புக்ல இருக்கு. அப்புறம் தெற்குக்காரரோட ஆளுங்க அவரைப் பிடிச்சு இழுத்து, கீழ போட்டு அடிச்சு, அங்கியைக் கிழிச்சுட்டாங்க. கூட்டமே கலைஞ்சு போச்சு. கிழிஞ்ச அங்கியோட அவர் ராஜாகிட்ட போய் நின்னா, எல்லாரும் சிரிச்சாங்களாம்."

நாங்கள் இரண்டு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தோம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்ற உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

"இதுக்கு எதுக்கு இங்கிலாந்து வரைக்கும் போகணும்? ஜூரோங்குக்கும் காத்தோங்குக்கும் போனாப் போதாதா?" என்றாள்.

மேற்கே ஜூரோங்கில் இருப்பவர் பெரிய மாமா. கிழக்கே காத்தோங்கில் இருப்பவர் சின்ன மாமா. அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி, வேறு யாரும் இல்லை. அவர்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலத்திலேயே போய்விட்டார்கள். பெரிய மாமா கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். சத்தமாகப் பேசிப் பேசிப் பழக்கம், ஃபோனில் பேசினால்கூட எதிரே கிரேன் நிற்பது மாதிரி பேசுவார். சின்ன மாமா வங்கியில் வேலை. மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் பிடித்த பிடியை விட மாட்டார். உடம்பு, உங்களுக்கே தெரியும், கொஞ்சம் தாராளம்.

குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அப்பாவுக்கு அங்கே வேலை கிடையாது. பணத்தைக் கட்டிவிட்டு ஒரு ஓரமாக நிற்க வேண்டியதுதான். பெரியவளுக்குக் குத்தியபோது பெரிய மாமா மடி. அப்போது சின்ன மாமா தேசிய சேவைக்காக ராணுவ கேம்ப்பில் இருந்தார். அதற்கப்புறம் ரொம்ப வருஷம் கழித்து, நாங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் நீ பிறந்தாய், சின்னவனே. இனிமேல் நம் வீட்டில் காது குத்த வேறு குழந்தை இல்லை. கடைசி மடி அது.

முதலில் பெரிய மாமாவிடம் இருந்து ஃபோன் வந்தது.

"மாப்பிள்ளை, தேதி குறிச்சாச்சா? நான் லீவு போடணும். மூத்தவன் நான் இருக்கும்போது வேற பேச்சு இருக்காதுன்னு நினைக்கிறேன்."

மறுநாள் சின்ன மாமா. "அத்தான், பெரியவளுக்கு அண்ணன் உட்கார்ந்தார், நான் ஒண்ணும் சொல்லல. இப்ப என் முறை லா. ஃபேர்தானே?"

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிற சண்டையைத் தீர்க்கத்தான் முடியாது. நான் அம்மாவைக் கேட்டேன், அவர்கள் உன் ஆட்கள், நீயே சொல்லிவிடு என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன் சின்னச் சட்டை ஒன்றைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

"நான் யார் பேரைச் சொன்னாலும் இன்னொருத்தர் அன்னைக்கு வர மாட்டார். அன்னைக்கு வரலைன்னா அப்புறம் தீபாவளிக்கும் வர மாட்டார். இவங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். எனக்குன்னு பிறந்த வீடு இவங்க ரெண்டு பேர்தான். அதுல பாதியை நான் எப்படி எடுத்து வெளிய போடறது?" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். ரோமாபுரித் தூதர் வேலையை நானே எடுத்துக்கொள்வது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாமாக்களையும் தேக்கா சந்தை உணவுக்கடைக்கு வரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு இஞ்சி போட்ட தே ஹாலியா, நடுவில் ஒரு தட்டு வடை. நேராகப் பேசினால் வெடிக்கும், அதனால் பேராயர் கதையைச் சொல்வோம், தங்களையே அதில் பார்த்து வெட்கப்பட்டு விட்டுக்கொடுப்பார்கள் என்று என் கணக்கு. பெரியவள் சொன்னதை அப்படியே சொன்னேன். மடிக் கட்டம் வந்ததும் பெரிய மாமா போட்ட சிரிப்பில் பக்கத்துக் கடை மீன் தலைக் கறிக்காரர் எட்டிப் பார்த்தார். சின்ன மாமாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"கடைசியில எப்படித் தீர்ந்துச்சு?" என்று சின்ன மாமா கேட்டார்.

"அதுக்கு இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சாம். ஒருத்தர் இங்கிலாந்துக்குத் தலைவர், இன்னொருத்தர் இங்கிலாந்து முழுவதுக்கும் தலைவர்னு ரெண்டு பேருக்கும் பட்டம் கொடுத்துட்டாங்க."

"நல்ல தீர்ப்பு," என்றார் பெரிய மாமா. "சாமி கும்பிடற ஆளுங்க, ஒரு நாற்காலிக்காக இப்படியா?"

"அதானே," என்றார் சின்ன மாமா.

நான் தேயை ஒரே இழுப்பில் குடித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். கிளம்புகிற நேரத்தில் பெரிய மாமா என் தோளில் கை போட்டுத் தனியாகக் கேட்டார், "அந்தத் தெற்குக்காரர் எவ்வளவு சீக்கிரம் வந்து உட்கார்ந்தாராம்?" நான் தெரியாது என்றேன். ரயில் நிலையப் படியில் சின்ன மாமா கேட்டார், "அத்தான், மடியில உட்கார்ந்தவரைத் தூக்க எத்தனை ஆள் தேவைப்பட்டுச்சு?" அதுவும் தெரியாது என்றேன். இரண்டு பேருக்கும் சரித்திரத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

காதுகுத்து அன்றைக்கு நாங்கள் சீக்கிரமாகவே சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போய்விட்டோம். பூக்கடைக்காரர்கள் அப்போதுதான் மாலையை எடுத்துத் தொங்க விட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தால், நடுவில் கோலம், கோலத்தின் மேல் மணைப்பலகை, பலகையின் மேல் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பெரிய மாமா. ஐயர் இன்னும் வரவில்லை. காது குத்தும் நகைக்கடைப் பத்தர் இன்னும் வரவில்லை. ஜூரோங்கில் இருந்து முதல் ரயிலைப் பிடித்திருக்கிறார்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க," என்றார், ஏதோ அவர் வீடு மாதிரி.

"மாமா, நேரம் இருக்கு. எழுந்து காபி குடிங்க."

"வேணாம்."

"பசியாறிட்டீங்களா?"

"இங்கேயே கொண்டாங்க."

அசைகிற மாதிரி தெரியவில்லை. உறவுக்காரர்கள் வர வர உட்கார்ந்தபடியே கும்பிட்டார். பெரியவர்கள் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. ஆனால் ஒரு தொடையில் இருந்து மறு தொடைக்கு மாறி மாறி உட்கார்ந்துகொண்டே இருந்தார். முட்டி வலி போல என்று நினைத்தேன்.

பிறகு வாசலில் நாதஸ்வரம் கேட்டது. ஆள் இல்லை, புளூடூத் ஸ்பீக்கர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சின்ன மாமாவின் நண்பர் ஒருவர் முன்னால் வந்தார். பின்னால் சீர்த்தட்டுகள்: பழம், லட்டு, உனக்குக் குட்டிப் பட்டு வேட்டி, ஒரு சிவப்பு டப்பாவில் தோடு. எல்லாவற்றுக்கும் நடுவில் புதுப் பட்டுச் சட்டையில் சின்ன மாமா. சிலுவையை உயர்த்திப் பிடித்து வருகிற வடக்குப் பேராயர்தான் போங்கள்!

மண்டபத்துக்குள் வந்தார். மணையில் அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நின்றார். பெரிய மாமா கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நான் இவர்களுக்குச் சொன்னது புத்திமதி இல்லை. ஆளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

"சின்ன மாமா, ஒரு நிமிஷம்," என்று நான் குறுக்கே போவதற்குள் அவர் கையில் இருந்த லட்டுத் தட்டை மணைக்குப் பக்கத்தில் வைத்தார், திரும்பினார், வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அண்ணன் மடியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அப்புறம் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அதற்கு மேலே பெரியவளின் குரல்: "அப்பா! இது அப்படியே என் ஸ்லைடு!"

"எழுந்திருடா!" என்றார் பெரிய மாமா. முகம் ஒரு மாதிரி கோணியது.

"முடியாதுண்ணே."

"டேய், எழுந்திருடான்னு சொல்றேன்!"

"நீங்க எழுந்திருங்க."

பெரிய மாமா இரண்டு கையாலும் ஒரு தள்ளு தள்ளினார். கப்பல் பட்டறைக் கை. சின்ன மாமா உருண்டு சீர்த்தட்டின் மேல் போனார். சட்டைக் கை சர்ரென்று கிழிந்தது. லட்டெல்லாம் மண்டபத்தின் நாலு பக்கமும் ஓடியது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பெரிய மாமா எழுந்தார், யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று பின்பக்கமாக வெளியே போய்விட்டார்.

அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தூணோரம் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது.

"போங்க," என்றாள் என்னிடம். "போய்க் கூட்டிட்டு வாங்க."

நான் ஓடினேன். பின்பக்கம் செருப்பு வரிசையில் அவர் செருப்பு இல்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன். தெருவுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று திரும்பினால், கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு பெரிய மாமா வருகிறார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மாப்பிள்ளை," என்றார் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே. "விடியக்காலையில ரெண்டு கிளாஸ் தே குடிச்சிட்டு வந்து உட்கார்ந்தது. இடத்தை விட்டா அவன் வந்திருவானேன்னு அடக்கிட்டே இருந்தேன். அவன் வந்து உட்கார்ந்தான் பாருங்க, எங்க உட்கார்ந்தான் தெரியுமா? ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். ஆனால் நான் "வாங்க உள்ள" என்று கையைப் பிடித்தபோது வரவில்லை.

"இல்ல மாப்பிள்ளை, நான் கிளம்பறேன்."

"என்ன மாமா இது?"

"சபையில அவன் மேல கை வச்சிட்டேன். எங்கப்பா போனதுக்கு அப்புறம் அவனை நான்தானே பாத்துக்கிட்டேன். ஒரு நாள்கூட அடிச்சதில்ல. அவனே உட்காரட்டும். நான் எந்த மூஞ்சியை வச்சிட்டு அங்க நிக்கறது?"

கெஞ்சி, இழுத்து, ஒரு வழியாக மண்டப வாசல் வரைக்கும் கொண்டு வந்தேன். உள்ளே பார்த்தால் சின்ன மாமா தரையில் முட்டி போட்டு லட்டுப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். கிழிந்த கை தொங்குகிறது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"அண்ணே, நீங்க உட்காருங்க. நான் வேணும்னே உங்களைக் கிண்டலாக்கிட்டேன். நான் போறேன்."

"நீ உட்காருடா. நான்தான் போறேன்."

"நீங்க மூத்தவரு. உட்காருங்க."

"உன் முறைதானே? உட்காரு."

"மாட்டேன்."

"நானும் மாட்டேன்."

பாருங்கள் கூத்தை! இத்தனை நாளாக நான்தான் நான்தான் என்று சண்டை. இப்போது நீதான் நீதான் என்று சண்டை. பிடிவாதம் மட்டும் அதேதான். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாசலைப் பார்த்து நின்றார்கள். விட்டால் இரண்டு பேருமே போய்விடுவார்கள். பாதிப் பிறந்த வீட்டை எப்படி வெளியே போடுவது என்று கேட்டவளுக்கு முழுசுமே போகப் போகிறது.

இதற்குள் வந்துவிட்டிருந்த பத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப் போகுதுங்க."

கதையில் அந்தத் தூதர் என்ன செய்தார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் போய்விட்டார். அதனால் அவரை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

அம்மா தூணை விட்டு வந்தாள். நேராகக் கோலத்துக்குப் போனாள். உன்னை மடியில் வைத்துக்கொண்டு மணைப்பலகையில் அவளே உட்கார்ந்தாள்.

"குத்துங்க பத்தரே."

"யம்மா..." என்றார் பத்தர். "தாய்மாமன் இல்லாம..."

"தாய்மாமன் யாரும் வரலைங்க. எங்கப்பா வீட்டுல இருந்து நான் ஒருத்திதான் வந்திருக்கேன். குத்துங்க."

இரண்டு வாசலையும் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"ஏய், என்ன பேச்சு பேசற?" இது பெரிய மாமா. "ரெண்டு தாய்மாமன் உசிரோட நிக்கும்போது நீ மடியில வச்சுக் குத்துவியா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"அக்கா, எழுந்திரு. இது தப்பு," இது சின்ன மாமா.

"எழுந்திருக்க மாட்டேன். நம்ம வீட்டுல யாரு எழுந்திருச்சிருக்கா, நான் எழுந்திருக்க?"

"சொல்றா பாரு!" என்றார் பெரிய மாமா தம்பியைப் பார்த்து.

"சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்ணே," என்றார் சின்ன மாமா.

"நீ அந்தப் பக்கம் பிடி."

சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளை ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அவள் உன்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எழுந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகத்தோடு நின்றாள். கோயில் ஆள் ஒருவர் எங்கிருந்தோ இன்னொரு பலகையைக் கொண்டு வந்து போட்டார். ஒட்டிப் போட்ட இரண்டு பலகையில் இரண்டு மாமாக்களும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். உன்னைக் குறுக்கே கிடத்தினார்கள். இடுப்பு வரைக்கும் ஜூரோங், அதற்கு மேல் காத்தோங்.

"தலை என் பக்கம் வரட்டும்," என்று பெரிய மாமா ஆரம்பித்தார்.

"தலை எங்க இருந்தாலும் காது ரெண்டுதான்," என்றார் பத்தர். "ஆடாம பிடிங்க."

வலது காதில் குத்தினார். நீ போட்ட கத்தலில் ஸ்பீக்கர் நாதஸ்வரம் தோற்றது. இடது காதில் குத்தும்போது உன் கால் பெரிய மாமாவின் தாடையில் ஒரு உதை விட்டது. அவர் வலியோடு சிரித்தார். இரண்டு மாமாவும் ஆளுக்கு ஒரு ஜோடித் தோடு கொண்டு வந்திருந்தார்கள். ஒரு காதில் சிவப்புக் கல், ஒரு காதில் வெள்ளைக் கல் என்று போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நீ அப்படித்தான் இருந்தாய்.

சாப்பாட்டுக்குக் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வாழை இலைக் கடை. மாமாக்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நான் இங்கிலாந்து முழுவதுக்கும்," என்றார் பெரிய மாமா, அப்பளத்தை நொறுக்கியபடி.

"முழுவதும் உங்களுக்குத்தான்ணே. பாத்ரூம் உட்பட," என்றார் சின்ன மாமா. எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன், யார் போட்டுக்கொடுத்தார்களோ! கிழிந்த சட்டைக் கையை அம்மா ஒரு ஊசியால் சேர்த்துக் குத்திவிட்டிருந்தாள். அவள் அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்கு முந்திய வாரம் முழுக்க அவள் ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

பெரியவள் அடுத்த வாரம் வகுப்பில் பேசினாள். மடிக் கட்டத்தை நடித்தே காட்டினாளாம். நேரில் பார்த்த மாதிரி சொல்கிறாயே என்று டீச்சர் கேட்டதற்கு, "பார்த்தேன் டீச்சர்" என்றிருக்கிறாள்.

காதுகுத்து அன்றைக்கு மத்தியானம் எல்லாரையும் ரயிலில் ஏற்றிவிட்டு நான் மட்டும் மண்டபத்துக்குத் திரும்பிப் போனேன். தட்டுகளை எடுக்க வேண்டும், இடத்தைப் பெருக்கித் தருவதாகக் கோயிலில் ஒப்புக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் யாரும் இல்லை. ஒரு தூணுக்குப் பின்னால் கடைசி லட்டு ஒன்று கிடந்தது, அதில் எறும்பு ஏறியிருந்தது. கோலம் நாலைந்து பேர் மிதித்துக் கலைந்து போயிருந்தது. இரண்டு பலகையும் ஒட்டியபடியே கிடந்தன.

அவற்றைத் தூக்கப் போனவன் தூக்கவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தேன். பிறகு, அப்பாவுக்கு வேலை இல்லாத அந்த இடத்தில், நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பலகைக்கும் நடுவில் இருந்த விளிம்பு தொடையில் நன்றாகக் குத்தியது. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தேன். கையை மடியில் வைத்து, மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து துடைப்பத்தைத் தேடிப் போனேன்.